பொம்பேயும் வெசூவியஸும் ஒரே நாளில்: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலிக்குக் கிளம்புகிற நம்மவர்கள் பலரும் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று நாட்களைப் பங்கு போட்டுவிட்டு, கடைசியில் ஒரு நாள் மிச்சம் விழுந்தால் "அந்த எரிமலையில் புதைந்த ஊரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம். பொம்பேய் என்ற அந்த ஊர், அதைப் புதைத்த வெசூவியஸ் மலை, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். அந்த நாளின் நேரத்தை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ரோமிலிருந்து கிளம்பும் ஒரு பெரிய பஸ் டூர். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். வழியில் சிப்பியில் உருவம் செதுக்கி விற்கும் ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். பொம்பேய்க்குள் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான். மலைக்கு அவசர அவசரமாக ஏறி இறங்கினோம். இரண்டாவது முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முந்தின இரவே நேப்பிள்ஸில் தங்கி, எட்டுப் பேர் மட்டும் வரும் ஒரு சின்ன டூரில் சேர்ந்தோம். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது நாளை வைத்துத்தான்.

எங்கிருந்து கிளம்புவது

முடிந்தால் நேப்பிள்ஸிலிருந்து கிளம்புங்கள். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றே கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயர் 'நாப்போலி' என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம். முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிட்டால் காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போதே பொம்பேயில் நிற்கலாம். கோடையில் அந்த முதல் இரண்டு மணி நேரம் தங்கம் மாதிரி. உள்ளே நிழலே கிடையாது. பதினொரு மணிக்கு மேல் கருங்கல் பாதை கொதிக்க ஆரம்பித்துவிடும்.

டூர்க்காரர்கள் ஹோட்டலுக்கே வந்து ஏற்றிக்கொண்டால் நல்லது. சிலர் நேராக இடிபாடுகளின் வாசலில் வந்து நிற்கச் சொல்வார்கள். அப்படியானால் நேப்பிள்ஸின் கரிபால்டி நிலையத்தில் 'சர்க்கும்வெசுவியானா' என்ற உள்ளூர் ரயிலில் சொரெந்தோ பக்கம் போகும் வண்டியைப் பிடித்து, 'பொம்பேய் ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். 'ஸ்காவி' என்றால் அகழாய்வு. 'ஸ்காவி' இல்லாமல் பொம்பேய் என்ற பெயருள்ள வேறு நிறுத்தங்களும் உண்டு. அவை இன்று மக்கள் வாழும் ஊருக்குப் போகிறவர்களுக்கானவை. அங்கே இறங்கினால் வெயிலில் நடக்க வேண்டிவரும். பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வண்டியில் கூட்டம் நெரியும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

டூரில் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: பொம்பேய்க்கு உள்ளே எத்தனை மணி நேரம்? மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு டூர் தேடுங்கள். 66 ஹெக்டேர் ஊர் அது. அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. தோண்டிய பகுதியே முழு நாளைத் தின்றுவிடும். 'பொம்பேய் மற்றும் வெசூவியஸ்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டு டிக்கெட்டும் விலைக்குள் அடக்கமா என்று பாருங்கள். பொம்பேய்க்கு ஒரு டிக்கெட், வெசூவியஸ் வாய் வரை ஏறத் தனி டிக்கெட். மலை டிக்கெட்டை நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே இணையத்தில்தான் வாங்க முடியும், வாசலில் போய் நின்று வாங்க முடியாது. பொம்பேயிலும் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள்.

இந்தப் பெயர் விஷயத்தில் நாம்தான் அதிகம் மாட்டிக்கொள்வோம். நமக்குக் குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்திலும் நம் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும், சிலருக்கு ஒரு கட்டம் காலியாகவே இருக்கும். டூர் பதிவில் இன்ஷியலோடு எழுதிவிட்டு, கையில் வேறு மாதிரி அச்சிட்ட பாஸ்போர்ட்டோடு போய் நிற்காதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள், அன்றைக்கு அதைக் கையில் எடுத்துப் போங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொம்பேயில் கட்டணம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும், வயதைக் காட்ட அடையாள அட்டையும் வேண்டும்.

வழிகாட்டி உரிமம் பெற்றவரா என்பதும் முக்கியம். இத்தாலியில் உரிமம் பெற்ற கைடுகள் அட்டை அணிந்திருப்பார்கள். ரயில் நிலையத்தை விட்டு இறங்கியதும் "இங்கே வாங்க, இதுதான் அதிகாரப்பூர்வ கவுன்டர்" என்று கூப்பிடுகிறவர்களிடம் நிற்காமல் நேராக வாசலுக்குப் போங்கள்.

உண்மையிலேயே கைடு வேண்டுமா என்று கேட்டால், என் பதில் பொம்பேய்க்குக் கட்டாயம் வேண்டும் என்பதுதான். மலைக்குப் பாதை ஒன்றே ஒன்று, தொலைய வழியில்லை. ஆனால் பொம்பேயில் தனியாக நடந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே மாதிரி குட்டிச்சுவராகத் தெரிய ஆரம்பித்துவிடும். அந்தச் சுவருக்குள் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருவர் காட்டிக் கொடுத்தால்தான் ஊர் எழுந்து நிற்கும்.

என்ன எடுத்துப் போவது

நல்ல பிடிமானமுள்ள, விரல்களை மூடும் ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். பொம்பேயில் பாதைக் கற்கள் வழுக்கும், மலையில் சின்னச் சின்ன எரிமலைக் கற்கள் செருப்புக்குள் புகுந்து பாடாய்ப் படுத்தும். தொப்பி, தண்ணீர் பாட்டில். பாட்டில் ஒன்று போதும், பொம்பேய் தெருக்களில் இன்றும் குடிநீர்க் குழாய்கள் ஓடுகின்றன, நிரப்பிக்கொள்ளலாம். கோடையானாலும் மலைக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். மேலே காற்று சட்டென்று குளிர்ந்துவிடும். பை சின்னதாக இருக்கட்டும்: 30 செ.மீ. நீளம், 30 அகலம், 15 தடிமனுக்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் ஒப்படைக்க வேண்டிவரும். மலை டிக்கெட்டைக் கைபேசியில் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடக் கதை

இதைத் தெரிந்துகொண்டு போனால் கைடு சொல்வது இரண்டு மடங்கு புரியும். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக மலை சும்மாயிருந்ததால், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கி.பி. 62இல் ஒரு பெரிய நிலநடுக்கம் வந்து ஊரைக் குலுக்கியது. அதன் பழுதுபார்க்கும் வேலை இன்னும் முடியாமலிருந்தபோதுதான் மலை வெடித்தது.

வெடிப்பை விரிகுடாவின் எதிர்ப்பக்கம் மிசேனும் என்ற ஊரிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் பார்த்தான். பெயர் பிளினி. மேகம் பைன் மரத்தைப் போல, நெடிய தண்டும் மேலே விரிந்த கிளைகளுமாக எழுந்தது என்று பிற்பாடு எழுதினான். இன்றும் அப்படிப்பட்ட வெடிப்புகளுக்கு எரிமலை ஆய்வாளர்கள் அவன் குடும்பப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவனுடைய தாய்மாமன் மூத்த பிளினி, கடற்படைத் தளபதி. மக்களைக் காப்பாற்றக் கப்பலை எடுத்துக்கொண்டு போனவர், ஸ்தாபியே கடற்கரையில் இறந்துபோனார். இந்த மாமனுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தைப் பற்றியும், மிளகுக்காக ரோமானியப் பணம் இந்தியாவுக்குப் போய்க்கொண்டே இருப்பதைப் பற்றியும் குறைப்பட்டு எழுதியவர் அவர்தான். யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை நம் அகநானூறு பாடுகிறது. அதே கொடுக்கல் வாங்கலை அந்தக் கரையிலிருந்து கணக்குப் பார்த்தவர் இந்த மலையின் வெடிப்பில் மடிந்தார்.

முதல் நாள் மதியத்திலிருந்து நுரைக்கல் மழை. கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. மறுநாள் காலை சூடான வாயுவும் சாம்பலும் மலைச்சரிவில் வெள்ளமாக இறங்கி, தங்கியிருந்தவர்களைக் கொன்றுவிட்டது. இது நடந்தது ஆகஸ்ட் 24 என்று வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய தேதி ஒன்று கிடைத்தது. அது அக்டோபர் 17. கரி எழுத்து நெடுநாள் நிற்காது என்பதால், வெடிப்பு அக்டோபர் கடைசியில்தான் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். உங்கள் கைடிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நன்றாகச் சூடு பிடிக்கும்.

பொம்பேய்க்குள்: மெதுவாக நடங்கள்

கடல் வாசல் வழியாக நுழைந்து கொஞ்சம் ஏறினால் ஊரின் பொதுச்சதுக்கம் வரும். உள்ளே போனதும் தூண்களுக்கு நடுவே வடக்கே பாருங்கள், வெசூவியஸ் நேர் எதிரே நிற்கும். சுமார் 10 கிலோமீட்டர் தூரம். கைடு நடந்துகொண்டே இருந்தாலும் நீங்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று மலையின் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பகலில் அந்த உச்சியில் நின்று இந்த இடத்தைத் தேடப் போகிறீர்கள்.

அப்புறம் தரையைப் பாருங்கள். பெரிய பெரிய எரிமலைக் கற்பலகைகளில் வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு விழுந்த பள்ளம். தெருவைக் கடக்க நடுவில் மூன்று உயரக் கற்கள். தண்ணீரும் சாணமும் ஓடும் தெருவில் கால் நனையாமல் தாண்ட. கற்களுக்கு இடையிலுள்ள சந்து சரியாக வண்டிச் சக்கரம் போகும் அளவு. அம்மா அந்தப் பள்ளத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தாள், முக்கால் பாதம் உள்ளே போய்விட்டது. "எத்தனை வண்டி போயிருக்கணும் இதுல" என்றாள்.

ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட ரொட்டிக் கடைகள் இருந்திருக்கின்றன. ஒன்றுக்குக் கட்டாயம் போங்கள். செங்கல் அடுப்பு, அதன் முன் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் அரவைக் கற்கள். கீழே கூம்பு மாதிரி ஒரு கல், அதன்மேல் உடுக்கை மாதிரி இடை சிறுத்த இன்னொரு கல். மேலே தானியத்தைப் போட்டு, மரத்தடி பூட்டி, கழுதையைச் சுற்றவிடுவார்கள். அம்மா சொன்னாள், "இது நம்ம திருகைதானே, செக்கு மாதிரி சுத்தவிட்டிருக்காங்க." கைடுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் குழுவை நிறுத்தி, அம்மாவையே திருகை எப்படிச் சுற்றும் என்று கையால் காட்டச் சொன்னார். கல்லில் சின்னச் சின்ன ஓட்டைகள் நிறைந்திருக்கும். எரிமலைக் கல், தேயத் தேயப் புதிதாகச் சொரசொரப்பு வந்துகொண்டே இருக்கும், அடிக்கடி கொத்த வேண்டியதில்லை.

வீடுகளில் வெத்தி சகோதரர்கள் வீடு 2023இல் மறுபடி திறக்கப்பட்டது. சிவப்புச் சுவரோவியங்களுக்காக அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெரிய வீடுகளில் நுழைந்ததும் கூரை திறந்த முற்றம், நடுவில் மழைத்தண்ணீர் விழ ஒரு தொட்டி. காரைக்குடியிலோ யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலோ வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஃபான் வீடு என்ற பெரிய வீட்டில் தரையில் உள்ள அலெக்சாண்டர் மொசைக் (வண்ணக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த படம்) நகல்தான். அசல் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில். சாப்பாட்டுக் கடைகளைத் தவறவிடாதீர்கள்: கல்மேடையில் குழி குழியாகப் பானைகள் புதைத்திருக்கும். 2020இல் முழுதாக வெளிப்பட்ட ஒரு கடையின் மேடையில் வாத்தும் சேவலும் இன்னும் வண்ணம் மாறாமல் இருக்கின்றன.

கடைசியாக, தப்பியோடியவர்களின் தோட்டம். ஊரின் கோடியில் இருப்பதால் அவசர டூர்கள் இதை விட்டுவிடும், முன்பே கேட்டுவிடுங்கள். 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி என்ற அகழாய்வாளர் ஒரு முறையைக் கையாண்டார். சாம்பல் இறுகியபின் உடல் மக்கிப் போன இடத்தில் வெற்றிடம் இருக்கும். அதில் சுண்ணச்சாந்து ஊற்றி, இறுகியதும் சுற்றியுள்ள மண்ணை எடுத்தால் இறந்த கணத்தின் உருவம் அப்படியே நிற்கும். இந்தத் தோட்டத்தில் 13 பேர், குழந்தைகளும் உண்டு. ஒருவர் முழங்கையை ஊன்றி எழ முயல்வது போல இருக்கிறார். உள்ளே எலும்பு இருக்கிறது, இவை சிலைகள் இல்லை. இங்கே சிரித்து செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முன்பே சொல்லி வையுங்கள்.

முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு போகிறீர்களா? வட்டரங்கப் பக்கமுள்ள வாசலிலிருந்து சரிவுப் பாதை அமைத்து, சக்கர நாற்காலி போகிற மாதிரி மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஒரு வழி போட்டிருக்கிறார்கள். டூர்க்காரரிடம் அந்த வழியில் அழைத்துப் போகச் சொல்லலாம்.

மதியச் சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை, பீட்சா பிறந்த ஊர்ப்பக்கம் இது. மார்கரீட்டா என்றால் தக்காளி, சீஸ், துளசி வகை இலை. சீஸும் வேண்டாம் என்றால் பீட்சா மரினாரா. தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், மீன் கிடையாது. மலை ஏற வேண்டியிருக்கிறது, அரை வயிறு போதும்.

வெசூவியஸ்

வண்டி சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை போகும். போகும் வழியில் ஜன்னலோரம் உட்காருங்கள்; 1944 எரிமலைக் குழம்பு இறுகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அதன்மேல் சாம்பல் நிறப் பாசி மாதிரி ஒன்று படர்ந்து வெள்ளி போலத் தெரியும். அது லைக்கன்; குளிர்ந்த பாறையில் முதலில் குடியேறும் உயிர். கழிப்பறைக்கு வண்டி நிற்கும் இடத்திலேயே போய்விடுங்கள், மேலே கிடையாது.

அங்கிருந்து நடை. இருபது முதல் முப்பது நிமிடம், அகலமான பாதை, ஆனால் ஏற்றம் விடாமல் இருக்கும், கால் சரளையில் பின்னுக்கு வழுக்கும். அவசரம் வேண்டாம். அடிவாரத்தில் ஊன்றுகோல் நீட்டுவார்கள். திருப்பித் தரும்போது ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இதயம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது. அம்மா பாதி வழியில் இரண்டு முறை உட்கார்ந்தாள், மூன்றாவது முறை நான் உட்கார்ந்தேன். இடி மின்னல், பலத்த காற்று என்றால் பாதையை மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் பணம் திரும்புமா, வேறு இடம் காட்டுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

மேலே போனதும் வேலிக்கு அப்பால் வாய் திறக்கும். குழம்பு கொதிக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுமார் 300 மீட்டர் ஆழத்துக்குச் சாம்பலும் துருவும் கலந்த நிறத்தில் பாறைச் சுவர், அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நூல் போல ஆவி. காற்று திரும்பினால் கந்தக வாடை லேசாக மூக்கில் ஏறும். மலையின் உச்சி உயரம் 1,281 மீட்டர். கி.பி. 79இல் வெடித்த பழைய மலையின் விளிம்பு வடக்கே சோம்மா என்ற பெயரில் சுவர் போல நிற்கிறது. நீங்கள் ஏறிய கூம்பு அதற்குள் பிற்பாடு வளர்ந்தது. கடைசி வெடிப்பு 1944 மார்ச்சில். 1841இல் தொடங்கிய ஆய்வகம் ஒன்று இன்றும் இந்த மலையின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, காரணம் ஆபத்து வளையத்துக்குள் சுமார் 7 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள்.

முதல் வேலியருகே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள். பாதை விளிம்பையொட்டி இன்னும் போகும். தெற்கே வளைந்து அதன் கடைசிக்குப் போனால் கீழே விரிகுடா, வீடுகள், வீடுகள், அவற்றுக்கு நடுவே வீடில்லாத ஒரு பழுப்புத் திட்டு. அதுதான் காலையில் நடந்த ஊர். அம்மா வெகுநேரம் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரத்துக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். காலையில் சதுக்கத்தில் நின்று மலையைப் பார்த்திருந்தால்தான் அந்தக் கேள்வி வரும். அதனால்தான் ஊர் முதலில், மலை அப்புறம் என்று சொல்கிறேன்.

கல் எதையும் பையில் போடாதீர்கள், மலையிலும் சரி, ஊரிலும் சரி. ஒன்று தேசியப் பூங்கா, இன்னொன்று அகழாய்வு இடம், எடுப்பது குற்றம்.

இன்னும் ஒரு காலை மிச்சமிருந்தால்

மறுநாள் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொம்பேயிலிருந்து எடுத்த அசல் பொருட்கள் பெரும்பாலும் அங்கேதான். அலெக்சாண்டர் மொசைக்கைப் பார்த்துவிட்டு, காவலரிடம் இந்தியத் தந்தச் சிலை எங்கே என்று கேளுங்கள். 1938இல் பொம்பேயின் ஒரு வீட்டில் கிடைத்தது. இந்தியாவில் செதுக்கி, கடல் தாண்டிப் போய், அந்தச் சாம்பலுக்குள் புதைந்த பெண் உருவம். லட்சுமி என்று வெகுகாலம் அழைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் உயரம்தான். கழுத்திலும் இடுப்பிலும் மணிகள், முழங்கையிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் அடுக்கடுக்காக வளையும் காப்பும், இரண்டு பக்கமும் தோழிப் பெண்கள். வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போயிருக்கும் சமயமும் உண்டு, அதனால் டிக்கெட் வாங்கும்போதே விசாரித்துவிடுங்கள்.